கபீர் அண்ணனின் நாலு நூல்

கிட்டாரின் தலையில் இருந்த ஆறு திருகும் ஆள் தொடாமலே சுற்ற ஆரம்பித்ததும் நான் "அய்யய்யோ!" என்று கத்திவிட்டேன். கபீர் அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருகுகள் 'விர்ர் விர்ர்' என்று முன்னும் பின்னும் திரும்பிவிட்டு நின்றன. தலைக்குப் பின்னால் மாட்டியிருந்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"அவ்வளவுதானாம் தங்கச்சி. சுருதி சேந்துட்டுதாம்," என்றார்.

சேர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை, சேந்துட்டுதாம் என்றார். முப்பது வருடமாகக் கிட்டார் வாசிக்கிற மனிதர், தன் மடியில் கிடக்கிற கிட்டாரைப் பற்றி யாரோ சொல்லக் கேட்ட செய்தி போலப் பேசுகிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

என் பெயர் பிரேமலதா. சங்கரன்கோவிலில் ஜாக்கெட் தைக்கிறேன். திருவிழா, கல்யாணம் என்றால் எங்கள் மெல்லிசைக் குழுவில் பாடுகிறேன். என் குரல் ஐந்தரைக் கட்டை. இருபத்தொன்பது வயதில் மேடை ஏறியபோதும் ஐந்தரை, நாற்பத்தெட்டு வயதாகிற இப்போதும் ஐந்தரை. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்றால் நான் என்ன செய்ய?

கபீர் அண்ணன் கடையநல்லூர்க்காரர். கல்யாணம் முடித்து எங்கள் ஊருக்கு வந்தவர். பகலில் விசைத்தறி பழுது பார்க்கிற பிட்டர். இருபது தறி ஒன்றாக அடிக்கிற கூடத்தின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மூணாவது தறியில பெல்ட் தளந்து கெடக்கு பாருங்க," என்பார். போய்ப் பார்த்தால் தளர்ந்திருக்கும். அப்படி ஒரு காது.

மேடையில் அவர் சுருதி சேர்ப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஜெனரேட்டர் உறுமும், ஒரு பக்கம் மைக்செட்காரர் "ஹலோ ஹலோ" என்று உயிரை வாங்குவார். அண்ணன் கிட்டாரின் மேல் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு கம்பியைத் தட்டுவார். கடித்தால் சத்தம் நேராக மண்டைக்குள் வருமாம். அந்த இடத்தில் பெயிண்ட் போய்ப் பல் தடம் விழுந்திருக்கிறது. எலி கடித்த கிட்டார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் சேர்த்து முடித்த பிறகுதான் மற்றவர்கள் அவரோடு சேர்க்க வேண்டும். குழுவின் கீபோர்டுகூட அவர் வீட்டில்தான் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பிக் கேட்பார்: "தங்கச்சி, சரியா இருக்கா?"

"இருக்கு இருக்கு, ஆரம்பிங்க," என்பேன், சேலை மடிப்பை இழுத்து விட்டுக்கொண்டே. அவர் கேட்காமல் ஒரு கச்சேரியும் தொடங்கியதில்லை. நான் காதில் வாங்கிப் பதில் சொன்னதும் இல்லை.

இந்தச் சுருதி சேர்க்கிற வேலையால்தான் பிரச்சினை வந்தது. போன வருடம் அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவில், எங்கள் தெரு செலவு ஏற்கிற மண்டகப்படிக் கச்சேரி. மூன்று பாட்டுக்கு ஒரு தடவை அண்ணன் கிட்டாரைக் கடித்துக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். புழுக்கத்தில் கம்பி தளர்ந்தால் அவர் என்ன செய்வார்? ஆனால் கமிட்டிச் செயலாளர் துரைப்பாண்டி அண்ணாச்சிக்கு முகம் போன போக்கே சரியில்லை. இந்த வருடம் பேசப் போனபோது உடைத்தே சொல்லிவிட்டார்.

"பாட்டுக்கு நடுவுல டொய்ங்கு டொய்ங்குனு என்னவே பாய் அது? சனம் எந்திரிச்சுப் போகுது. மதுரையில இருந்து ஒரு குரூப்பு கேட்டுக்கிட்டே இருக்கான். ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு நானே வாரேன். கேட்டுட்டுத்தான் முடிவு சொல்லுவேன்."

அந்த மேடையில் பத்தொன்பது வருடமாக முதல் பாட்டு, அம்மன் பாட்டு, என்னுடையது. இரண்டாவது சரணத்தில் 'தாயே' என்று உச்சிக்குப் போய் நிற்கிற இடம் ஒன்று உண்டு. அதற்காகவே முன்வரிசையில் வந்து உட்காருகிற பெண்கள் இருக்கிறார்கள். அந்த மேடை போய்விட்டால் நான் ஜாக்கெட் தைக்கிற பிரேமலதா, அவ்வளவுதான்.

அண்ணனின் மருமகன் இர்ஷாத் ஷார்ஜாவில் இருக்கிறான். விஷயம் காதுக்குப் போனதும் இந்த மெஷினை வாங்கி அனுப்பிவிட்டான். ஒரு தடவை எல்லாக் கம்பியையும் மீட்டினால் போதும், அதுவே கேட்டு அதுவே முறுக்கிக்கொள்ளும்.

அண்ணன் போட்டோ எடுத்து, இந்தப் பக்கத்துக் கிட்டார்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெரிய ரகளை. தென்காசிக்காரர் ஒருவர், இது கையிலிருந்தால் பாதி ஆயுசு மிச்சம் என்றார். தூத்துக்குடிக்காரர், இதை மாட்டியவன் காதைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான் என்றார். சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வாய் என்று ஒருவர், பழைய கிட்டாருக்கும் பொருந்துமா என்று ஒருவர். தூத்துக்குடிக்காரரே பிறகு தனியாக விலை கேட்டாராம். அண்ணன் ஒன்று விடாமல் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"நீங்க என்ன நெனைக்கீங்க?" என்றேன்.

"தெரியலையே தங்கச்சி. நல்லாத்தான் இருக்கு. நல்லா இருக்கதுதான் கொழப்பமா இருக்கு," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு மாடியில் ஒத்திகை. நான் அய்யய்யோ என்று கத்தியது அங்கேதான். மெஷின் சுற்றியது, பச்சை எரிந்தது. கீபோர்டில் கோமதிநாயகம் கை வைத்தான். அடக் கடவுளே, தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி இருந்தது! கிட்டார் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"மெஷின் கோட்டி புடிச்ச மெஷினா இருக்கும் போலிருக்கே," என்றேன்.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அண்ணன் கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, "தொழுதுட்டு வாரேன், எதையும் தொடாதீங்க," என்று இறங்கிப் போனார்.

கோமதிநாயகம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவன். குழுவுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. தொடாதே என்றால் அவன் கை சும்மா இருக்குமா? செல்போனில் சுருதி பார்க்கிற ஆப் ஒன்றை இறக்கினான். கிட்டாரைத் தட்டினான், சரி என்றது. கீபோர்டைத் தட்டினான், தப்பு என்றது.

"அக்கா, மெஷின்ல கோளாறு இல்ல. நம்ம கீபோர்டுதான் எறங்கிக் கெடக்கு."

கீபோர்டின் மூலையில் ஒரு பட்டனையும் சின்ன எண்ணையும் மூடி மருந்துக்கடைப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். தொட்டால் பழுதாகிவிடும் என்று அண்ணன் ஒட்டியது. கோமதிநாயகம் அதை நகத்தால் கிளப்பினான். ஒன்றின் மேல் ஒன்றாக நாலு பிளாஸ்டர். ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் பேனாவில் அண்ணனின் கையெழுத்து. அடியில் '1 நூல்', அதற்கு மேல் '2 நூல்', '3 நூல்', மேலே '4 நூல்'.

"என்னதுக்கா இது?"

"தறிக்காரர் வேற என்னத்த எழுதுவாரு? பேப்பர் கெடைக்காம நூலு கணக்க இதுல எழுதி வச்சிருப்பாரு," என்றேன். எங்கள் ஊரில் நூல் என்று எழுதியிருந்தால் யாருக்கும் வேறு நினைப்பு வராது. கோமதிநாயகம் பட்டனை அழுத்திக் கீபோர்டைச் சரியாக்கினான். இப்போது கிட்டாரும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டன.

அண்ணன் திரும்பி வந்து, தரையில் கிடந்த பிளாஸ்டர்களைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. குனிந்து பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அம்மன் பாட்டை எடுத்தோம். முதல் சரணம் போனது. இரண்டாவதில் 'தாயே' என்று மேலே போனேன். போனேன் என்று சொல்வதுகூடப் பொய். பாதி வழியில் குரல் கிழிந்து, வெறும் காற்று வந்தது.

இருமினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் கிழிந்தது. மூன்றாம் தடவை கோமதிநாயகம் என்னைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெஷின்லதான் தங்கச்சி கோளாறு. கழட்டிருதேன்," என்றார் அண்ணன்.

"கோளாறு இல்ல பாய், ஆப்லயே பாத்தாச்சு," என்றான் கோமதிநாயகம்.

"ஆப்பும் தப்பா இருக்கும்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னண்ணே சின்னப்புள்ள மாதிரி! மருமகன் ஆசையா அனுப்பியிருக்கான், அண்ணாச்சிக்கும் அதுதான் வேணும். என் தொண்டைதான் கட்டியிருக்கு. மெஷின ஏன் வையிதீங்க?" என்று கத்திவிட்டு இறங்கிப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மெஷினை நான்தான் வைதேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

பனங்கற்கண்டு, மிளகு, சுக்குத் தண்ணீர் எல்லாம் குடித்தேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே பாடிப் பார்த்தால், துணை இல்லாமல் 'தாயே' ஜம்மென்று போகிறது. அண்ணனின் மெஷின் என்னை மட்டும் ஏன் பழிவாங்குகிறது? கிட்டார் சரி, கீபோர்டு சரி, தொண்டையும் சரி. எல்லாம் சரியாக இருந்தால் எது தப்பு?

சனிக்கிழமை காலையில் சமாதானம் பேச அவருடைய தறிக்கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே அவர் குரல் கேட்டது. தறிக்கு அடியில் படுத்துக்கொண்டு, ஸ்பேனரோடு நின்ற ஆளிடம் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏலே, ஒரு நூல் எறக்கு! ஒரு நூல் போதும்! கூடப் போயிராத!"

ஆள் ஸ்பேனரை ஒரு பொட்டு திருப்பினான். தறியின் ஒரு கட்டை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கீழே இறங்கியது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். நெசவு நூல் இல்லை. பிட்டர்களும் ஆசாரிகளும் அளவுக்குச் சொல்கிற நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு நூல், இரண்டு நூல், மூன்று நூல், நாலு நூல். இறக்கு.

அண்ணன் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன வருசமா?" என்றேன்.

"வெளிய வா தங்கச்சி."

"இங்கனயே சொல்லுங்க. எத்தன வருசமா?"

"உனக்குக் கழுத்துல தைராய்டு ஆபரேஷன் பண்ணுனாங்கல்லா, அதுல இருந்து. எட்டு வருசம்."

ஆபரேஷனுக்குப் பிறகு ராயகிரியில் முதல் கச்சேரி. பாட முடியுமோ முடியாதோ என்று நினைத்துக்கொண்டே மேடை ஏறினேன். 'தாயே' என்று போய் நின்றேன். இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும், பாத்தியளா, அதே குரல், அதே ஐந்தரை என்று குதித்தேன். அன்றைக்குத்தான் முதல் நூல்.

"நீ அவ்வளவு சந்தோசப்பட்ட. அப்புறம் எப்படிச் சொல்ல?" என்றார். "பெறகு ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவ, உன் கழுத்து நரம்பு பொடைக்கதப் பாத்தா ஒரு நூல் எறக்குவேன். கிட்டத்தட்ட அரைக்கட்டை எறங்கியாச்சு. அதான் மெஷினக் கழட்டிருதேன்னேன். அதுக்கு உன்னத் தெரியாதுல்லா?"

கோபம் வந்தது. எட்டு வருடமாக ஊர் முழுக்க ஐந்தரை ஐந்தரை என்று பீற்றிக்கொண்டு திரிந்தேனே, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாரே! வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. என்னை ஏமாற்றியவரைத் திட்டுவதா, காப்பாற்றியவரைக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது? தறிச் சத்தத்தில் என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை துரைப்பாண்டி அண்ணாச்சி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மெஷினை எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இர்ஷாத்திடம் போனில் கேட்டு அதையும் நாலு நூல் இறக்கி வைத்திருந்தார் அண்ணன். அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறதாம். கோமதிநாயகம் கீபோர்டைப் பழையபடி இறக்கிவிட்டு, தெரியாதவன் போல உட்கார்ந்திருந்தான். பிளாஸ்டர் மட்டும் ஒட்டப்படவில்லை.

அண்ணன் ஒரு மீட்டு மீட்டினார். திருகுகள் சுற்றி நின்றன. பச்சை எரிந்தது.

"அட! இம்புட்டு நேரந்தானா?" என்றார் அண்ணாச்சி.

சுருதி சேர்ந்துவிட்டது. இனிமேல் கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். முந்தின நாள் நான் கத்தியதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைப் பார்க்கப் பயந்து, என் காலைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, சரியா இருக்கா?"

பத்தொன்பது வருடமாக இந்த மனிதர் கிட்டாரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். சேலையை இழுத்து விடாமல், கண்ணை மூடி, அந்தச் சுருதியைக் காது கொடுத்துக் கேட்டேன். உள்ளுக்குள்ளேயே 'தாயே' என்று ஒரு தடவை போய்ப் பார்த்தேன். எட்டியது. ஆனால் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் பார்த்துக்கொண்டிருந்தான். மைக் திறந்துதான் இருந்தது.

"இன்னும் ஒரு நூல் எறக்குங்கண்ணே," என்றேன்.