இரண்டு சிறு கண்ணாடிகள்

சங்கரன்கோவில் ஷேக் ஃபரீத் துபாயில் ஆறேழு வருஷம் லேசர் ஷோ கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பும்போது பழைய லேசர் மெஷின் ஒன்றையும் கொண்டுவந்தார். சுற்றுவட்டாரத்துக் கல்யாண வீடுகளில் மணமக்கள் பெயரைப் பச்சை ஒளியில் சுவரில் எழுதிக் காட்டுவார். ஜனம் வாய் பிளந்து பார்க்கும்.

மெஷினுக்குள் இருப்பது ஒரே ஒரு கதிர்தான். நகத்தளவு கண்ணாடிகள் இரண்டு அதைத் திருப்பும். ஒன்று இடவலமாக ஆட்டும், மற்றது மேலும் கீழும் ஆட்டும். கண் தொடர முடியாத வேகத்தில் அவை ஆடுவதால், ஓடும் புள்ளி நமக்குக் கோடாகத் தெரிகிறது. கண்ணாடி நின்றுபோனால் கதிர் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அது ஆபத்து. அதனால் கண்ணாடி நின்ற கணமே ஒளியை அணைக்க உள்ளே ஒரு சர்க்யூட் உண்டு.

ஜெனரேட்டர் கரண்டு ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த சர்க்யூட் ஷோவைப் பாதியில் நிறுத்தியது. கூட்டம் விசில் அடித்தது. மானம் போகிறதே என்று ஃபரீத் ஒருநாள் அது வேலை செய்யாதபடி குறுக்கே ஒரு வயரைப் போட்டுவிட்டார். பிறகு ஷோ நிற்கவேயில்லை.

வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வரவேற்பு. போட்டோ எடுக்க வந்தவர் பொன்னுச்சாமி, ஃபரீதின் பக்கத்துக் கடைக்காரர், நெருங்கிய சிநேகிதர். தலைக்கு மேலே போகவேண்டிய கதிரைக் கூட்டத்துக்கு நடுவே இறக்கச் சொல்லி இளவட்டங்கள் கத்தினார்கள். ஃபரீத் இறக்கினார். பொன்னுச்சாமி கேமராவில் கண்ணை வைத்து மேடைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கண்ணாடிகள் திடீரென்று நின்றன. விரிந்திருந்த பச்சை ஒரு புள்ளியாகச் சுருங்கி லென்ஸுக்குள் பாய்ந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும்போதே ஃபரீத் வயர் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"லைட்ட அணைக்கிற சர்க்யூட்ட நான்தான் அண்ணாச்சி வேல செய்யவிடாம ஆக்குனேன்."

பொன்னுச்சாமி கைக்குட்டையால் கண்ணைப் பொத்தியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வலது கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. "ஓரத்துல எல்லாம் தெரியுது. நேராப் பாத்தா ஆளோட மூஞ்சி மட்டும் இல்ல" என்றார் டாக்டரிடம். போட்டோக்காரருக்கு அதுதான் தொழில் கண். இடது கண்ணால் பழகுவதற்குள் நல்ல ஆர்டர்களெல்லாம் வேறு ஸ்டூடியோக்களுக்குப் போய்விட்டன. ஃபரீத் மெஷினை உடைத்துப் போட்டார். சீரியல் லைட்டு, போக்கஸ் லைட்டு மட்டும் கட்டினார். இருவரும் பார்த்தால் தலையசைத்துக்கொள்வார்கள். டீக்கடைப் பேச்சு நின்றுபோனது.

போன வருஷம் ஃபரீதின் மகள் ஷிரின் பானுவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. ஃபரீத் தன் மனைவி சுபைதாவையும் அழைத்துக்கொண்டு பொன்னுச்சாமி வீட்டுக்குப் போனார்.

"போட்டோ நீங்கதான் எடுக்கணும் அண்ணாச்சி. வேற யாரையும் நான் கூப்பிடல."

பொன்னுச்சாமி பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

"நான் தூக்கி வளத்த பிள்ளல்லா, வாரேன். ஆனா ஒண்ணு ஃபரீது, லைட்டு மட்டும் வேற ஆளு போடட்டும். மனசுல ஒண்ணும் வச்சுச் சொல்லல. நீ அங்கன நின்னா எனக்குக் கை நடுங்கும்."

"சரி அண்ணாச்சி" என்றார் ஃபரீத். சுபைதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணத்தன்று விளக்கு கட்ட ராஜபாளையத்திலிருந்து ஆள் வந்தது. ஊரில் எத்தனையோ மேடைகளுக்கு ஒளி போட்ட ஃபரீத், தன் மகளின் மேடைக்கு எதிரே நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையின் இடதுபக்கம் வெளிச்சம் குறைவாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்லவில்லை.