பதினாலாவது அட்டை

என் அக்கா வீட்டுக்காரர் வாழ்க்கையில் உருப்படியாக ஒரே ஒரு படம்தான் வரைந்தார். அதை அழித்ததில் பாதிப் பங்கு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என் மேல் பாயக்கூடாது.

எங்கள் இருவருக்கும் ஒரே கார் பட்டறையில் வேலை. நசுங்கிய வண்டியைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை எனக்கு, பெயிண்ட் அடிக்கும் வேலை மாமாவுக்கு. பட்டறையில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'மேட்சிங்' என்றால் அவர்தான். பத்து வருஷம் வெயிலில் நின்று வெளுத்த வண்டிக்கு ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் டப்பாவில் வரும் கலர் ஒட்டாது. மாமா கண்ணளவிலேயே கலப்பார். சின்ன அட்டையில் தடவி, காயவிட்டு, வண்டியோடு சேர்த்து வைத்துத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். சரியாக வந்த அட்டையின் பின்பக்கம் வண்டிக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்ப்ரே கன்னையே கையில் எடுப்பார்.

"நாளைக்கு வந்து இது என் கலர் இல்லன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது மாப்ள" என்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் பெற்ற மகள் விஷயத்தில் கோட்டை விட்டார். அவளுக்குப் பதினோரு வயதில் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் பெரிதாக ஒரு படம் எடுத்தார். அப்போது எங்கள் யாரிடமும் படம் எடுக்கும் போன் கிடையாது. ஸ்டுடியோக்காரன், "பாப்பா கொஞ்சம் டல்லா இருக்கு சார், லேசா வெளுப்பா போட்டுடவா?" என்று கேட்டிருக்கிறான். இவரும் ஏதோ நினைப்பில் "போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

கண்ணாடி போட்டு வீட்டுக்கு வந்த படத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம். என் அக்காவும் சரி, அவள் மகளும் சரி, கறுப்பு. மாநிறம் அது இது என்று நான் பூசி மெழுக மாட்டேன். நல்ல கறுப்பு, அழகான கறுப்பு. பிள்ளை அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, என் கலர் உனக்குப் பிடிக்கலையா?"

"அடி போடி, வாயாடி" என்று மாமா சிரித்து மழுப்பினார். சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். நாலே மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்தாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டாள்.

அக்கா அந்தப் படத்தை பீரோவில் குப்புறப் போட்டுப் பூட்டினாள். "அவ கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் பேச்சு என்றால் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "கதவைச் சாத்திக்குங்க", அவ்வளவுதான். நான் போனால் என்னிடம் பேசுவார்கள். நடுவில் உட்கார்ந்து எனக்குத்தான் மூச்சு முட்டும்.

ஒரு விடுமுறை நாளில், மகளை வரையப்போகிறேன் என்று மாமா என்னை இழுத்துக்கொண்டு படம் வரைகிற சாமான் விற்கும் கடைக்குப் போனார். கடைக்கார அம்மாவிடம், "மினுங்காத பெயிண்ட் வேணும்மா. முகம் கார் பானெட் மாதிரி பளபளன்னு இருக்கக்கூடாது" என்றார்.

அந்த அம்மா சின்னச் சின்ன ட்யூபாக எடுத்து வைத்தார். "இது குவாஷ். தண்ணில கலக்கறதுதான். ஆனா வாட்டர் கலர் மாதிரி அடியில இருக்கிறது தெரியாது, நல்லா மறைச்சிடும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. காஞ்ச பிறகும் தண்ணி பட்டா கரைஞ்சிடும்."

நாங்கள் இரண்டு பேரும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து கலக்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில். கறுப்பு ட்யூபைத் தொடவே இல்லை. சிவப்பு, காவி, மஞ்சள், ஒரு பொட்டு நீலம். அட்டையில் தடவும்போது அவள் கன்னம் மாதிரியே இருக்கும். காய்ந்ததும் வெளுத்துவிடும். இந்தப் பெயிண்டின் குணம் அப்படி. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு அட்டைகளை வரிசையாக வைத்தார்.

"என்னடா இது, ஈரத்துல நம்ம பொண்ணா இருக்கா, காஞ்சா ஸ்டுடியோக்காரன் பொண்ணா ஆயிடறா!"

நான் சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார். ஒன்பதாவது அட்டையைப் பிடித்துக்கொண்டு திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். "வண்டி எதிர்ல நிக்கணும் மாப்ள. வண்டியே இல்லாம நான் எதோட சேர்த்துப் பாக்கறது?"

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு அவர் முன்னால் கையை நீட்டினாள்.

"இங்க, முழங்கைக்கு மேல. அவ கன்னம் இந்தக் கலர்தான்."

மாமா அந்தக் கையைப் பிடித்தார். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை. எத்தனை காலம் கழித்து அவர் அவளைத் தொடுகிறார் என்று எனக்குத் தெரியும். பதினாலாவது அட்டையை அவள் கையோடு வைத்தபோது அட்டை எது, கை எது என்று தெரியவில்லை. மாமா அட்டையைத் திருப்பி, பழக்க தோஷத்தில் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்து போடு."

"படம் முடியட்டும். அவள பாத்துட்டுப் போடறேன்."

தூசி வராத இடம் என்று பட்டறையின் பெயிண்ட் அறையில் வைத்துத்தான் வரைந்தார். பீரோவில் இருந்த போட்டோவை அக்காவிடம் கேட்டு வாங்கி, அதிலிருந்த முகத்தைக் கார்பன் வைத்துத் தடிமனான அட்டையில் கோடாக எடுத்துக்கொண்டார். தினமும் சாப்பாட்டு நேரம் அதிலேயே போனது. கெட்டியாகப் பூசினால் வெடித்தது. இரண்டு தரம் தேய்த்தால் அடியில் இருந்த கலர் கிளம்பி மேலே வந்தது. பட்டறைப் பெயிண்டில் ஒரு கோட் காய்ந்தால் காய்ந்ததுதான், இது அப்படி இல்லை. தொட்டதும் கையை எடுத்துவிட வேண்டும் என்று திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி கற்றுக்கொண்டார்.

ஐந்து வாரத்தில் அவள் வந்துவிட்டாள். வேறு எப்படிச் சொல்வது? இடது புருவம் கொஞ்சம் மேலே ஏறி, எதையோ கேட்க வாயெடுக்கிற முகம். அதே கறுப்பு. நான் வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கு அக்கா வேலை முடிந்து நேராகப் பட்டறைக்கு வருவதாக ஏற்பாடு. வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கையைப் பின்னால் நீட்டினார்.

இருபது வருஷமாக அந்தக் கை அப்படி நீளும். வண்டி முடிந்து, வண்டிக்காரர் வாசலுக்கு வந்ததும், காட்டுவதற்கு முன்னால் ஈரத்துணியால் கடைசியாக ஒரு துடை. கை நீளும், நான் துணியைப் பிழிந்து வைப்பேன். அன்றைக்கும் பிழிந்து வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். துணி கைக்கு வந்ததும் அவரும் பழக்கத்தில் துடைத்தார். நெற்றியிலிருந்து தாடை வரை, ஒரே இழுப்பு.

"நான் உன் கையைத்தானே கேட்டேன் மாப்ள" என்றார். நிற்க முடியாமல் பிடித்துக்கொள்வதற்காகக் கேட்டிருக்கிறார்.

அக்கா உள்ளே வந்தாள். "எங்க?" என்று கேட்டவள் அட்டையைப் பார்த்தாள். புருவம் இல்லை, கண் இல்லை, வாய் இல்லை. சேறு கலங்கிய மாதிரி ஒரு கறை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"நீ சும்மா இரு" என்று என்னை அதட்டினாள்.

மாமா துணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அந்தக் கறையைப் பார்த்துப் பேசினார். "பிடிக்கும்டி. உன் கலர் அப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்டி. அன்னிக்கே சொல்லியிருக்கணும். அதைச் சொல்லத்தான்..."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பதினாலாம் நம்பர் அட்டை எங்க?" என்றாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அட்டையைச் சுவரில் வைத்து, பின்பக்கம் கையெழுத்துப் போட்டாள். முந்தானையால் மாமாவின் முகத்தைத் துடைத்தாள்.

மாமா அதற்குப் பிறகு இரண்டு தடவை வரைந்து பார்த்தார். கலர் வந்தது, அவள் வரவில்லை. யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். "போதும், விடுங்க" என்று அக்காதான் நிறுத்தினாள்.

பீரோவில் கிடந்த சட்டத்தை எடுத்து, வெளுத்த போட்டோவின் முகத்துக்கு மேல் அந்த அட்டையை வைத்து, கண்ணாடியை மூடிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். தெரியாதவர்கள் வந்தால், "என்னங்க இது, வெறும் பெயிண்ட் அட்டையை மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள்.

"என் பொண்ணு" என்பாள் அக்கா.

மாமா இப்போதும் கை கழுவிவிட்டு வந்தால் துண்டில் இரண்டு தடவை அழுத்தித் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் அதன் பக்கத்தில் போவார். மேலே கண்ணாடி இருக்கிறதே மாமா என்று நான் சொல்வதில்லை.