பெயர் வந்தது, படம் வரவில்லை

என் அக்கா வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிங் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு மட்டும் மாமா. யாராவது போய், சார், என் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று நின்றால் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் கீபோர்டில் ஏதோ தட்டுவார். திரையில் வரிசையாகப் பதில் ஓடும். பிங் போகிறது, லைனில் ஒன்றுமில்லை, உங்கள் பக்கம் பாருங்கள் என்பார். வந்தவர் தன் பக்கம் எது என்றே தெரியாமல் திரும்பிப் போவார். பிங் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைப் பார்த்து 'இருக்கியா?' என்று கேட்கும், அது 'இருக்கேன்' என்று சொல்லும். அந்த இருக்கியா இருக்கேனை வைத்துக்கொண்டே மனுஷன் அத்தனை பேர் வாயையும் அடைத்து வைத்திருந்தார்.

கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. டெலிபோன் கம்பம் ஏறிக்கொண்டிருந்த ஆள், தானே புத்தகம் வாங்கிப் படித்து, தேர்வு எழுதி, ஆஸ்பத்திரியின் மொத்த நெட்வொர்க்கையும் கையில் எடுத்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் இருக்கும். வேலையில் பொய் கிடையாது, சோம்பல் கிடையாது. ஒரே ஒரு வியாதிதான், யார் பேசினாலும் முழுதாகக் கேட்க மாட்டார். "சுருக்கமா சொல்லு. ஆமாவா, இல்லையா?" என்பார். அக்கா கல்யாணமான புதிதில் பத்து வார்த்தை பேசினாள், அப்புறம் ஐந்து, அப்புறம் 'ம்' மட்டும். அதைப் போய் என் சம்சாரம் தங்கமான குணம், வாயே திறக்க மாட்டாள் என்று பெருமையடித்துக்கொள்வார். கேட்டுக்கொண்டு நிற்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள். பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை, ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அதன் கிளையில். அங்கே டாக்டர் ஒருவர்தான், எலும்பு டாக்டர் இல்லை. நான் படம் எடுத்து, நோயாளியின் பெயரோடு கம்ப்யூட்டரில் அனுப்பினால் அக்கரையில் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் பார்த்துச் சொல்வார். வேலை தற்காலிக வேலை. ஒழுங்காக நடந்துகொண்டால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் என் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

படம் எப்படிப் போகிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. ஒரு படத்தை அப்படியே அனுப்ப முடியாது. கம்ப்யூட்டர் அதைப் பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் போகவேண்டிய விலாசத்தை ஒட்டி அனுப்பும். எங்கள் கிளைக்குள் ஓடுவது ஒருவகை நெட்வொர்க், அகலமான பாதை. ஆற்றைத் தாண்டுவது பழைய ரேடியோ லைன், அது வேறுவகை, குறுகலான பாதை. இரண்டும் சேரும் இடத்தில், மாடிப்படிக்குக் கீழே துடைப்பமும் வாளியும் வைக்கிற அலமாரியில், கேட்வே என்று ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து வரும் பாக்கெட்டின் உறையைப் பிரித்து, அந்தப் பக்கத்துக்குத் தோதான உறை போட்டுத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. பாக்கெட் பாதையைவிடப் பெரிதாக இருந்தால் தள்ளாது. அனுப்பிய கம்ப்யூட்டருக்கே, இது பெரிது, சின்னதாக வெட்டி அனுப்பு என்று ஒரு தகவல் சொல்லும். அதுவும் வெட்டி அனுப்பும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தால் நான் ஏன் அந்தப் பாடு படப்போகிறேன்.

புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்து இறங்கியது. அன்றிலிருந்து பிடித்தது சனி. நான் அனுப்புவேன், திரையில் சக்கரம் சுற்றும், சுற்றும், நின்றுவிடும். அக்கரையிலிருந்து போன் வரும். நோயாளியின் பெயர் வந்திருக்கிறது, வயது வந்திருக்கிறது, படத்தைக் காணோம், என்னம்மா தூங்குகிறாயா என்பார்கள். மறுபடி அனுப்புவேன். மறுபடி அதே கதை. சந்தேகத்தில் ஒருவருக்கே இரண்டு தடவை படம் எடுத்தேன், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாமாவுக்குப் போன் செய்து, பெயர் போகிறது படம் போகவில்லை, சின்னதாக எழுதினால் போகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். வாக்கியம் முடியவில்லை. "மெஷின் ஓடுதா? ஆமாவா, இல்லையா?" என்றார். ஆமா என்றேன். "பிங் போகுது. புதுக் கம்ப்யூட்டர், நீ சரியா கத்துக்கல. உன் பக்கம் பாரு" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு கொத்தனார் வந்தார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பில் அடி. படம் எடுத்தேன், அனுப்பினேன், பெயர் மட்டும் போனது. கடைசியில் அவரைத் தூக்கி வண்டியில் போட்டுப் பாலத்தைச் சுற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். வண்டி ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அவர் மனைவி ஏறும்போது என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அக்கரையில் எலும்பு டாக்டர் கொதித்துப்போய் மேலாளருக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரணை வைத்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியின் கூட்ட அறையில் மேலாளர், எலும்பு டாக்டர், அலுவலக ஆட்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க நான் ஓரமாக நின்றேன். மாமாவைக் கூப்பிட்டு லைனைப் பற்றிக் கேட்டார்கள். அவர் லேப்டாப்பைத் திறந்து தட்டினார். பெரிய திரையில் கிளையிலிருந்து இருக்கேன், இருக்கேன் என்று வரிசையாகப் பதில் ஓடியது. எனக்காக ஒரு வார்த்தை பரிந்து சொல்வார் என்று நப்பாசையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ சொந்தக்காரி என்பதற்காகவே இன்னும் விறைப்பாக நின்றார்.

"லைன்ல குறையே இல்ல சார். எங்க வீட்டுப் பொண்ணுங்கிறதுக்காக நான் மாத்திச் சொல்ல முடியாது. தப்பு கையாளற இடத்துலதான்."

அந்த அறையில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை ஒரு படி ஏறியது என் கண்ணுக்கே தெரிந்தது. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. எக்ஸ்ரே அறையிலிருந்து என்னை எடுத்துப் பதிவுக் கவுன்ட்டரில் போட்டார்கள். வாசலுக்கு நேரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் டோக்கன் கிழித்துக் கொடுக்கிற வேலை. வருகிறவன் போகிறவன் எல்லாம், என்னம்மா, நீ உள்ளேதானே இருந்தாய் என்று கேட்பான். நிரந்தரம் என்கிற பேச்சே போயிற்று. அக்காவிடம் அழுதேன். அவர் தப்பாகச் சொல்ல மாட்டாரே என்றாள். கூடப் பிறந்தவள் சொன்ன சொல். அதற்கப்புறம் நான் அவள் வீட்டுப் படி ஏறவில்லை.

என் இடத்துக்கு அக்கரையிலிருந்து ஒரு சீனியரை அனுப்பினார்கள். கைராசிக்காரர் என்று பேர். முதல் நாளே அவருக்கும் பெயர் போயிற்று, படம் போகவில்லை. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு டோக்கன் கிழித்தேன். சீனியர் சொன்னால் எடுபடுமே, மறுநாள் மாமாவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளைக்கு வந்தார். படிக்கட்டு அலமாரியின் சாவி கவுன்ட்டரில் என்னிடம்தான் இருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினார். சாவியைக் கையில் கொடுக்க மனசில்லாமல் நானே போய்த் திறந்துவிட்டேன்.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியில் லேப்டாப்பை மாட்டினார். பிங் போயிற்று. என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, அதையே கொஞ்சம் பெரிய பாக்கெட்டாக, வெட்டக் கூடாது என்று குறித்து அனுப்பினார். போயிற்று. இன்னும் பெரிதாக விட்டார். பதில் இல்லை. பெரிது, வெட்டி அனுப்பு என்று பெட்டி திருப்பிச் சொல்லவேண்டிய தகவலும் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி கிடந்தது. பெட்டிக்குள் புகுந்து எதையோ தேடியவர் ஒரு வரியில் வந்து அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என்ன மாமா என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். ஏதோ தட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சீனியர், படம் போய்விட்டது என்று குரல் கொடுத்தார். மாமா லேப்டாப்பைச் சுருட்டிக்கொண்டு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார்.

என்ன நடந்தது என்றால், அந்தத் தடையைப் போட்டது அவரேதான். பெட்டி திருப்பி அனுப்புகிற தகவல்களால் ஆபத்து, வெளியாள் வேவு பார்ப்பான் என்று எங்கோ படித்துவிட்டு, எப்போதோ, தனக்கு வேண்டிய பிங்கை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் அடைத்துவிட்டார். பழைய கம்ப்யூட்டர் எதையும் பொடிப்பொடியாக நறுக்கித்தான் அனுப்பும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. புதியது பெரிதாக அனுப்பியது. பெரிது என்று சொல்லப்போன பெட்டியின் வாயை மாமா கட்டி வைத்திருந்தார். நோயாளியின் பெயரும் வயதும் சின்னது, பிங் அதைவிடச் சின்னது, அதெல்லாம் ஜாம் ஜாம் என்று போய்க்கொண்டிருந்தது.

அன்றே அவர் வாயைத் திறந்திருக்கலாம். மேலாளர் முந்திக்கொண்டார். ஆளை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது பார்த்தீர்களா, அந்தப் பெண்ணுக்குத்தான் வேலை தெரியவில்லை என்று எல்லோர் எதிரிலும் சொல்ல, மாமா பக்கத்திலேயே நின்று வாயை மூடிக்கொண்டிருந்தார். அவர் சரிசெய்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அதற்கப்புறம் மனுஷன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து பாதியில் எழுந்து போவாராம். ஒரு நாள் தவறாமல் சவரம் செய்கிறவர் தாடியோடு வேலைக்குப் போனாராம். அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் அவர் சட்டையைத் தோய்க்கப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு, சொன்னால்தான் தருவேன் என்று நின்றிருக்கிறாள். பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் சொல்லியிருக்கிறார். அவள் சட்டையை அவர் மடியில் போட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அதற்கு அடி வாங்கியிருந்தாலும் தேவலை என்று அவர் பிறகு சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றார். என்னையும் கூப்பிடச் சொல்லியிருந்தார். தப்பு தன்னுடையது, அந்தப் பெண்ணுடையது இல்லை என்றார். யாராவது கோபப்படுவார்கள் என்று பார்த்தால் மேலாளர் இளகிப்போய்ச் சிரிக்கிறார். பெரிய மனசு சார் உங்களுக்கு, குடும்பத்துக்காகப் பழியை மேலே போட்டுக்கொள்கிறீர்கள் என்கிறார். நான்கு பேர் தலையாட்டுகிறார்கள். என்னைக் குற்றவாளி என்று சொன்னபோது ஒரே வார்த்தையில் நம்பினவர்கள்! மாமாவின் முகம் கறுத்துச் சிறுத்துப்போயிற்று.

"சார், யாரும் எனக்கு மரியாதை குடுக்க வேண்டாம். பாருங்க" என்றார்.

நோயாளிகள் யாரும் இல்லாத மதிய நேரம் அது. லேப்டாப்பில் அந்தத் தடையை மறுபடி போட்டார். கிளையிலிருக்கும் சீனியருக்குப் போன் செய்து, மெஷினைச் சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். பெரிய திரையில் 'பிளாஸ்டிக் கை' என்று பெயர் வந்தது. படம் வரவில்லை. பக்கத்தில் பிங்கை ஓடவிட்டார். இருக்கேன், இருக்கேன் என்றது. தடையை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பச் சொன்னார். விரல் விரலாகக் கை வந்து திரையில் நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள், அப்புறம் அவரைப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு உங்ககிட்ட முன்னாடியே சொல்லலையா?"

"சொல்ல வந்துச்சு சார். நான் கேக்கல."

ஜெயித்துவிட்ட சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. தலைகுனிந்து நின்ற அந்த மனுஷனைப் பார்க்க எனக்கே அவமானமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எக்ஸ்ரே அறையைத் திருப்பிக் கொடுத்தார்கள். நிரந்தரம் பற்றி யோசிப்பதாகச் சொன்னார்கள். மாமாவுக்கு மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார். கொத்தனாரை அவர் தேடிப்போனதும், அவருடைய மனைவி கதவைத் திறக்காததும் அக்கா சொல்லித்தான் தெரியும்.

விடுமுறை நாளில் அக்கா வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாமா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். செல்போனை அணைத்து ஜன்னலில் வைத்தார்.

"அன்னைக்குப் போன்ல சொல்ல வந்தியே, அதச் சொல்லும்மா. முழுசா சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். அப்புறம் ஆரம்பித்தேன். சக்கரம் சுற்றி நின்றதிலிருந்து, கொத்தனார் போட்ட சத்தம், அவர் மனைவி பார்த்த பார்வை, கூட்ட அறையில் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்றது, கவுன்ட்டரில் ஒவ்வொருவனும் கேட்டது என்று ஒன்று விடாமல் சொன்னேன். இடையில் இரண்டு தடவை அவர் வாய் திறக்கப் போய் மூடிக்கொண்டார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. நான் முடித்ததும் மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்திரிக்காதீங்க. அடுத்தது நான். எனக்குச் சொல்ல கல்யாணத்துலேருந்து இருக்கு."

மாமா மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார்.