தொடுதொட்டியின் சிஐடி

கடல் கூடத்துக்கு வருகிறவர்கள் நட்சத்திர மீனைத் தொடுவதற்கு முன்னால் ஒரு பரீட்சையில் தேற வேண்டும். கையை நீட்ட வேண்டும். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா குனிந்து அதை மோந்து பார்ப்பார். சோப்பு, க்ரீம், சென்ட், எது மூக்கில் ஏறினாலும் குழாயடிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதரையே மறுபடி மறுபடி கழுவ வைத்தவர் அவர்.

"நான் எதுவும் போடலம்மா" என்றார் அந்த மனிதர்.

"கை சொல்லுது சார். நீங்க சொல்ல வேணாம்."

அன்றிலிருந்து அவருக்கு சிஐடி என்று பெயர் விழுந்துவிட்டது. அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

இடுப்பளவு உயரத் தொட்டி அது. நட்சத்திர மீன்கள், முள் பந்து போன்ற கடல் முள்ளெலிகள், கடல் அட்டைகள், ஓரமாகச் சில சின்ன மீன்கள். எல்லாம் கடலிடம் கடன் வாங்கியவை. கொஞ்ச மாதம் வைத்திருந்து எடுத்த பாறையிலேயே விட்டுவிட வேண்டும். ஒரு முறை தொட்டுப் பார்த்தவர்கள் கடற்கரையில் குப்பை போடக் கொஞ்சம் கூசுவார்கள் என்பதுதான் கூடத்தின் நம்பிக்கை. அக்காவுக்கு அந்த நம்பிக்கை அரைகுறைதான். மனிதர்கள் எதற்கும் கூசமாட்டார்கள் என்பது அவர் கட்சி.

கடல் தண்ணீர் மோட்டார் வழியாகக் கூடத்தின் மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து கீழே தொடுதொட்டிக்கு இறங்கும். மோட்டார் பார்ப்பவன் அவருடைய கொழுந்தன். ஒரே வீடு; அவர் கீழே, அவன் மேலே. வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவர்தான். ஆனாலும் அவன் மேல் அவருக்கு ஒரு கண். எதைக் கேட்டாலும் சிரிக்கிறான், கேட்காவிட்டாலும் சிரிக்கிறான். மடியில் கனமில்லாதவன் எதற்கு இவ்வளவு சிரிக்க வேண்டும்?

ஒரு நாள் காலை மாடித் தொட்டியின் மூடி லேசாக விலகியிருந்தது. காற்று என்றான் அவன், சிரித்துக்கொண்டே. போதாதா? அன்று மாலை வீட்டில் அவனுடைய பழைய சாமான் பெட்டியிலிருந்து, உறை உரித்த கம்பிச் சுருள் ஒன்றை அக்கா எடுத்துக்கொண்டார். மறுநாள் கூடத்தில் மாடித் தொட்டி மூடியின் ஓட்டை வழியே அதை நுழைத்து, தனக்கு மட்டும் தெரிந்த விதத்தில் ஒரு முறுக்கு முறுக்கினார். யார் மூடியைத் தூக்கினாலும் முறுக்கு மாறியிருக்கும். மிச்சச் சுருளை வெட்டச் சோம்பல்பட்டு அப்படியே உள்ளே தள்ளிவிட்டார்.

முறுக்கு மாறவே இல்லை. தொட்டிதான் மாறியது.

முதலில் முள்ளெலிகளின் முட்கள் சாய்ந்தன, பிறகு உதிர்ந்தன. கண்ணாடியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த நட்சத்திர மீன்கள் பிடிவிட்டுத் தரையில் மல்லாந்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போலத் திரிந்தன. அக்கா விசாரணையில் இறங்கினார். தரை துடைக்கும் அம்மாளின் வாளியை மோந்தார். டிக்கெட் கொடுக்கிறவரின் கையை, அவர் எவ்வளவோ மறுத்தும், மோந்தார். சுற்றிப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் பிள்ளைகளின் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்.

கூடத்தின் பொறுப்பிலிருந்த கடல் ஆராய்ச்சி மேடம் தண்ணீரைச் சோதித்துவிட்டு வந்தார்.

"தண்ணியில செம்பு கலந்திருக்கு. மீன் ஓரளவு தாங்கும், இதுங்க தாங்காது. மோட்டார்லயோ பைப்லயோ செம்புச் சாமான் ஏதாவது மாட்டியிருக்கணும். இப்படியே போனா தொட்டியை மூட வேண்டியதுதான்."

"மோட்டாரைத் தொடறது ஒரே ஒரு ஆள்தான் மேடம்" என்றார் அக்கா. "எங்க வீட்டு ஆளுன்னு நான் மறைக்க மாட்டேன்."

தன் கம்பியை இதோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. யாரையும் விடாமல் சந்தேகப்பட்டவருக்குத் தன்னைச் சந்தேகப்பட்டுப் பழக்கமில்லை.

மோட்டாரைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. முன்கூட்டியே கழற்றியிருப்பான் என்றார் அக்கா. அவன் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். கடைசியாக மாடித் தொட்டியைக் கழுவிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். கழுவினான், போனான்.

அவன் போனதும் தொட்டிக்கு உயிர் வந்தது. மிஞ்சியிருந்த முள்ளெலிகள் முட்களை நிமிர்த்தின. நட்சத்திர மீன் ஒன்று மறுபடி கண்ணாடி ஏறியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அக்கா எல்லோரிடமும் சொன்னார். வீட்டில் மாடிப்படியில் அவன் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தார். அவன் இப்போது சிரிப்பதில்லை. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

புது மெக்கானிக் வந்து சேர்ந்தார். புது ஆளை எப்படி நம்புவது? அவர் ஏறுவதற்கு முன்னால் கம்பியைப் புதிதாக முறுக்கி வைப்போம் என்று அக்கா மாடிக்கு ஏறினார்.

கம்பி இல்லை. மூடியைத் தூக்கினார். அதன் அடிப்பக்கத்தில், ஓட்டையைச் சுற்றிக் கம்பி உரசிய இடத்தில் ஒரு பச்சைக் கறை காய்ந்திருந்தது. உறை உரித்த கம்பி. செம்புக் கம்பி. கறையை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். பிறகு அவருடைய புத்தி வழக்கமான திசைக்கே ஓடியது: எடுத்து வைத்திருக்கிறானே, எதற்கு? என்றைக்குக் காட்டுவான்?

வீட்டுக்கு வந்து நேரே மாடியேறினார். அவன் தரையில் உட்கார்ந்து யாருடைய மின்விசிறியையோ பிரித்துப் போட்டிருந்தான்.

"கம்பி எங்க?"

"பெட்டியில போட்டுட்டேன். என் பெட்டியில இருந்ததுதானே."

"அப்போ உனக்குத் தெரியும். ஏன் மேடம்கிட்ட சொல்லல?"

"சொன்னா, கட்டினதே நான்தான்னு சொல்லியிருப்பீங்க அண்ணி. கம்பியும் என்னோடது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லித்தான் இருப்பார், அவருக்கே தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எழுந்திரு. மேடம்கிட்ட போவோம். நான் சொல்றேன்."

அவன் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான். எதற்குக் கூப்பிடுகிறார், அங்கே போய் என்ன பேசுவார் என்று எடை போடுகிற பார்வை. அப்படி ஒரு பார்வை தன் மேல் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது.

"இங்கேயிருந்தே போன் பண்ணுங்க" என்றான். "ஸ்பீக்கர்ல போடுங்க."

அவன் கழற்றிப் போட்ட விசிறி இறக்கைகளுக்கு நடுவே அக்கா உட்கார்ந்து, போனைத் தரையில் வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினார். மணி அடித்தது. அவன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"மேடம்," என்றார் அக்கா, "அந்தச் செம்பு என்னோடது."