புளூட்டோவின் மேல் சிவப்புக் கோடு

அந்தக் கோட்டைப் போட்டது நான்தான். இன்று நினைத்தாலும் என் கையையே முறிக்கலாம் போலிருக்கிறது.

தங்கச்சி பம்பலப்பிட்டியில் படித்தாள். நான் சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தரம் கோட்டை விட்டு, வெள்ளவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நின்றேன். புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வானொலி சொன்ன காலம், யுத்தமும் நடந்த காலம். பாடசாலைக் கண்காட்சிக்கு அவள் சூரியக் குடும்பத்தைப் பெரிய தாளில் படமாகக் கீறி, புளூட்டோவையும் ஓரத்தில் விட்டிருந்தாள். ஏன் எடுத்தார்கள் என்று வருகிறவர்களுக்கு அவள் விளங்கப்படுத்த வேண்டும். பரிசு கிடைக்கும் என்று ரீச்சர் சொல்லியிருந்தாராம்.

அவள் குளிக்கப் போன நேரம், பகிடிக்கு ஒரு சிவப்புப் பேனையால் புளூட்டோவின் மேல் குறுக்கும் மறுக்கும் கோடிழுத்துப் பெரிய புள்ளடி போட்டேன். திருப்பிக் கீற நேரமில்லை. அழுதுகொண்டே தாளைச் சுருட்டினாள். நான் சிரித்தேன்.

காலி வீதியில் மண்மூட்டைக் காவலரணில் ஆமிக்காரர் நாங்கள் இருவரும் போன பஸ்ஸை மறித்து, எல்லாரையும் இறக்கினார்கள். தாளை விரித்தார்கள். வட்டங்கள், தமிழ் எழுத்து, ஓரத்தில் சிவப்புப் புள்ளடி. இது எந்த இடம், ஏன் வெட்டியிருக்கிறது என்று சிங்களத்தில் கேட்டான் சிப்பாய். அவளுக்குச் சிங்களம் வராது. எனக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். வானத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைவிடக் கேவலம், புளூட்டோவை ஏன் எடுத்தார்கள் என்றே எனக்குத் தெரியாது.

"ஏனடி எடுத்தவங்கள்?"

"நேற்று முழுக்கச் சொன்னனான், நீ கேட்டனியா?" என்றாள். "அது சுத்துற பாதையில அதைப் போலக் கன சாமான் கிடக்கு அண்ணா. மற்றக் கோளுகள் தங்கட பாதையைத் துப்புரவாக்கி வச்சிருக்கு. இது வைக்கேல்ல."

அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன்: பாதையில் கிடந்ததையெல்லாம் இது அகற்றவில்லை, அதனால் பெரியவர்கள் இதைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார்கள். காவலரணில் நின்று சொல்லக்கூடிய கதையா அது? பட்டியல் என்றதும், தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு எங்கே என்றான். இருவரையும் வெயிலில் ஓரமாக நிறுத்தினார்கள்.

பதினொரு மணிக்கு வந்த அதிகாரி படத்தைப் பார்த்துச் சிரித்தார். தன் மகனும் இப்படித்தான் கீறுவானாம். அந்தச் சிரிப்புக்கு முகத்தில் ஒன்று போடலாம் போலிருந்தது. போகச் சொன்னார், தாளைத் தரவில்லை. நாங்கள் போய்ச் சேரும்போது நடுவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள்.

அடுத்த கிழமை மழை. பஸ் அதே இடத்தில் மெதுவாகியது. காவலரணில் சாரலுக்கு மறைப்பாக எங்கள் சூரியக் குடும்பம் தொங்கியது. அவள் கீறியதெல்லாம் கரைந்து வழிந்திருந்தது.

தங்கச்சி யன்னலால் பார்த்தாள்.

"உன்ர புள்ளடி மட்டும் அழியேல்ல அண்ணா," என்றாள்.