தூணுக்கு வைத்த பொட்டு

பெரியப்பச்சி, அதாவது எங்கள் தகப்பனாரான அப்பச்சியின் அண்ணன், எங்களைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன அன்றே எங்களைப் பெற்ற ஆத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மதராசில் தொழில் செய்துகொண்டு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் எங்கள் ஊரான கண்டனூருக்கு வந்துபோகிற மனிதர். பொங்கலுக்கு ஒரு கரும்பு வாங்கித் தந்ததில்லை. அவர் புது அம்பாசிடரோடு வந்து நின்று, பிள்ளைகள் வெயிலில் வாடுகின்றன என்று உருகினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அது எழுபதுகளின் தொடக்கம். பெரிய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைக் கேட்டு வியாபாரிகள் அலைய ஆரம்பித்திருந்தார்கள். அடுத்த தெருவில் ஒரு குடும்பம் பழனிக்குப் போய்த் திரும்புவதற்குள், பங்காளி தூண்களைக் கழற்றி விற்றுவிட்டு, ஏதோ மரத்தை நட்டுச் சாயம் பூசிவிட்டதாகப் பேச்சு. எங்கள் வீட்டிலும் பெரியப்பச்சிக்குப் பாதிப் பங்கு. நாங்கள் இல்லாத நாட்களில் விளக்கேற்ற அவருடைய ஆள் ஒருவர் தங்குவார் என்றதும் ஆத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை.

கிளம்பும் அன்று விடியற்காலையில் சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு தூண் தூணாகப் பொட்டு வைத்தாள். கிண்ணம் பிடித்தவள் நான். எதற்கென்று கேட்டேன்.

"தூண மாத்துனா பொட்டு இருக்காதுல்ல. வாய மூடிக்கிட்டு வா."

அந்த நேரம் பார்த்துப் பெரியப்பச்சி உள்ளே வந்தார். பொட்டுகளைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டி, முதல் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆத்தா என் கையில் கிள்ளினாள்.

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது கார் கொதித்து நின்றது. டிரைவரோடு பேசிவைத்துக்கொண்டு நாளைக் கடத்துகிறார் என்றாள் ஆத்தா. கொடைக்கானலில் பனிமூட்டம், பேரிக்காய்க்காரி, விடுதியில் வெந்நீர் கொண்டுவந்தவர், எல்லாமே அவளுக்குச் சந்தேகம். ஏரியில் படகு ஏறக் கூப்பிட்டபோது, நடுத்தண்ணீரில் வைத்துக் கையெழுத்துக் கேட்பார் என்று அப்பச்சியின் காதில் ஓதி, எங்களையும் ஏறவிடவில்லை. அந்தப் படகு போன கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. அப்பச்சிக்கோ அண்ணனைச் சந்தேகப்படவே தெரியாது. அதுதான் ஆத்தாவுக்கு இன்னும் எரிச்சல்.

கடைசி நாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது பெரியப்பச்சி அப்பச்சியிடம் சொன்னார்:

"தூணுக்கு ஒரு ஆளு விலை பேசிட்டுப் போயிருக்கான் தம்பி. உன்னய இங்குட்டுக் கூட்டியாந்து சம்மதம் வாங்கத்தான் வந்தேன்."

ஆத்தா தலையை நிமிர்த்தி எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆனா உன் வீட்டுக்காரி தூணுக்கெல்லாம் பொட்டு வச்சுக் கும்பிட்டுட்டு வருது. நம்ம ஆத்தாகூட அப்படிக் கும்பிட்டதில்ல. அதப் பாத்தப்புறம் எனக்குக் கேக்க வாய் வரல. நான் இருக்க வரைக்கும் தூணு நிக்கட்டும்."

"அவ எப்பவும் அப்படித்தாண்ணே," என்றார் ஒன்றும் அறியாத அப்பச்சி. அவளை அவர் அவ்வளவு பெருமையாகப் பார்த்து நான் கண்டதில்லை. ஆத்தா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏரியைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அப்போதுதான் ஏரியைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

வீடு திரும்பியதும் அவள் முதலில் தேடியது பொட்டுகளைத்தான். எல்லாம் அப்படியே இருந்தன. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி சந்தனம் அரைத்தாள். அவர்தான் மதராசுக்குப் போய்விட்டாரே என்றேன்.

"திடீர்னு வந்து நின்னாகன்னா?"

அதிலிருந்து ஒரு வெள்ளியும் தவறியதில்லை. சில வருடங்கள் கழித்துப் பெரியப்பச்சி மதராசில் இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை ஆத்தா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். இனி யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் முதல் தூணுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.