திருத்தத்தில் விடுபட்ட பெயர்

போன செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது சூரியநெல்லியிலிருந்து செல்வராணியின் அம்மா கூப்பிட்டார். “தம்பி, ராணி நம்மள விட்டுட்டுப் போயிட்டாய்யா.” ராணிக்கு ஓராண்டாகச் சிறுநீரகக் கோளாறு. எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அன்று கல்லூரிக்குப் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்தோம். நான் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயக் குடும்பம். அவர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டிலிருந்து வந்தவர். ஆய்வாளர் அறையில் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கங்கள் எங்களுக்கு. எந்த நிறுவலை வாசித்தாலும் ‘ஆகவே’ என்ற இடத்தில் விரலை வைத்து நின்றுவிடுவார். “பொய்யெல்லாம் இதுக்குப் பின்னாடிதான் ஒளிஞ்சிருக்கும்” என்பார்.

நான்காம் ஆண்டு. நான் நிறுவிய துணைத்தேற்றம் ஒன்று ஆய்விதழில் வெளியாகியிருந்தது. என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயமும் அவருடைய ஆய்வேட்டின் பாதியும் அதன்மேல்தான் நின்றன. சமர்ப்பிக்க மூன்று வாரம் இருக்கையில், ஒரு மதியம் என் முன் ஒரு தாளை வைத்தார்.

“இது தப்பு. முடிவில்லாத உறுப்புள்ள கணம் எடுத்தா ஒடஞ்சு போகுது, பாருங்க.”

ஒன்றரை வரிதான். மறுக்க ஒன்றுமில்லை.

“ஏனுங்க, வேற யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்க. யாரும் இவ்வளவு தூரம் பாக்க மாட்டாங்க. உங்க தீசிஸும் பாதி போயிருமுங்க.”

“போகட்டும். தெரிஞ்சு போச்சுல்ல. இனி எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“உங்களுக்கென்னங்க, தோட்டத்துக்குத் திரும்பிப் போனா ஒருத்தரும் கேக்கப் போறதில்லை” என்றேன். சொல்லியிருக்கக் கூடாத சொல். அவர் முகம் மாறியது. ஆனாலும் அமைதியாகவே சொன்னார்: “சார்கிட்ட நீங்க சொல்றதுதான் முறை. நான் வெளிய நிக்கிறேன்.” நான் எழுந்து பேராசிரியரின் அறைக்குள் போய்ச் சொல்லி முடிக்கும்வரை, அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்.

அந்த அத்தியாயத்தைக் கைவிட்டு, மறு ஆண்டு பட்டம் பெற்றேன். அவருக்கு ஃபெலோஷிப் உதவித்தொகை முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, இடிந்த பாதியை ஐந்து ஆண்டுகளில் மீண்டும் கட்டினார்.

அவருடைய வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். அவர் அம்மா கடைசி வரிசையில் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். “ஒண்ணும் வெளங்கல தம்பி. ஆனா அவள யாராலயும் மடக்க முடியலைன்னு தெரிஞ்சுச்சு” என்றார். அன்றுதான் ராணியிடம் என் பழைய சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். “அன்னிக்கு ரெண்டு பேருக்குமே பயம். எனக்கு வெளிய தெரியல, அவ்வளவுதான்” என்றார்.

இன்னொன்றுக்கு அன்றும் மன்னிப்புக் கேட்காமல் விட்டேன். ஆய்விதழுக்கு நான் அனுப்பிய திருத்தக் குறிப்பில், பிழையை ‘கட்டுரை ஆசிரியரே பின்னர் கண்டறிந்தார்’ என்று எழுதியிருந்தேன். அவர் அதைப் படித்திருப்பார். கண்டது யாரென்று ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை.

அந்தக் குறிப்பில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி நேற்று ஆய்விதழுக்கு எழுதிவிட்டேன். இத்தனை ஆண்டுக்குப் பிறகு வெளியிடுவார்களா, தெரியாது. அவரை அறிந்த நண்பர்கள் உங்களிடமாவது சொல்ல வேண்டும். அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது, கேட்காமல் அவர் விட்டுவிட்ட அந்த ஒரு கேள்விதான். அதற்கு என் பதில்: பிழையைக் கண்டது நான் அல்ல, செல்வராணிதான்.